நாற்பதாம் நாளுக்கு முன்

எனக்கு நினைவில்லாத ஒரு நாளைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. நான் பிறந்து நாற்பது நாள் நிறைவதற்குள், கிழக்கிலங்கையின் கடற்கரையூர் ஒன்றில், என் மூத்தம்மாவின் வீட்டு உள்ளறையில், ஒஸ்தி மாமி என்று எங்களவர் அழைக்கும் முதியவர் ஒருவர் வெள்ளைத் துணியில் என்னைக் கிடத்தி, என் பிறப்புறுப்பில் பிளேடால் கீறி, இரத்தம் எட்டிப்பார்த்ததும் சாம்பலைத் தொட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இவ்வளவையும் நான் உம்மாவின் வாயால் கேட்டது என் இருபத்தெட்டாவது வயதில், 2012ஆம் ஆண்டு, என் மூத்த மகள் பிறந்த முப்பத்தைந்தாம் நாளில். அதுவரை சுன்னத்து என்றால் ஆண்பிள்ளைகளுக்குப் புத்தாடை உடுத்தி, உறவினரை அழைத்து, விருந்து வைத்து நடத்தப்படும் காரியம் என்றே நினைத்திருந்தேன். பெண்பிள்ளைக்கும் அது உண்டென்பதும், அதற்கு அழைப்பும் விருந்தும் இல்லையென்பதும், வீட்டு ஆண்களுக்கே அது தெரியாதென்பதும் அன்றுதான் எனக்குத் தெரியவந்தன.

"எறும்பு கடிச்ச மாதிரித்தான் மகள், உனக்கும் செஞ்சதுதானே, ஒண்டும் ஆகல்லயே" என்றார் உம்மா. நான் பாடசாலையில் சுகாதாரமும் உடற்கல்வியும் கற்பிக்கும் ஆசிரியை. கேள்வி கேட்கத் தெரியாதவள் அல்லள். ஆனால் பிரசவக் களைப்பில், உம்மாவின் கையால் சோறும் மருந்தும் தின்றுகொண்டு, உம்மாவின் வீட்டிலேயே படுத்திருப்பவளுக்குக் கேள்வி கேட்பதற்கான தெம்பு இருப்பதில்லை. எங்கள் பகுதியில் திருமணத்தோடு வீடு பெண்ணுக்கு வரும், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். மூத்தம்மா, உம்மா, மகள் என்று மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழும் இந்த ஏற்பாட்டை நான் வெளியூர்த் தோழிகளிடம் பெருமையாகவே பேசுவதுண்டு. அதே வீட்டின் உள்ளறையில்தான் இது தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறி வந்திருக்கிறது என்பதைப் பின்னர்தான் யோசித்தேன்.

மூன்று நாள் கழித்து ஒஸ்தி மாமி வந்தார். பிள்ளையைக் குளிப்பாட்டி, வெள்ளை உடுப்புப் போட்டு, துணியில் வைத்தார்கள். ஒரு காலை உம்மாவும் மறுகாலை நானும் பிடித்துக்கொண்டோம். மாமி ஸலவாத்து ஓதியபடி குனிந்தார். எனக்கு அவருடைய முக்காட்டின் ஓரம்தான் தெரிந்தது. பிள்ளை வீறிட்டது, பிறகு அடங்கியது, நான் மார்பில் அணைத்துக்கொண்டேன். அரிசியும் சேலையும் கொஞ்சம் காசும் தட்டில் வைத்துக் கொடுக்கப்பட்டன. மாலையில் என் கணவர் வந்து பிள்ளை ஏன் சோர்ந்திருக்கிறதென்று கேட்டபோது, வயிற்றுக்கோளாறு என்றேன். என் வாழ்க்கையில் அவரிடம் நான் சொன்ன முதற்பொய் அது. அந்தக் காலைப் பிடித்த என் கையை என்ன செய்வதென்று எனக்குப் பல வருடங்கள் தெரியவில்லை.

உலக சுகாதார நிறுவனம் இதை எப்படி வரையறுக்கிறது என்பதை நான் வாசித்தது அதன்பின் வெகு காலம் கழித்து. மருத்துவக் காரணம் எதுவுமின்றிப் பெண்ணின் வெளிப்பிறப்புறுப்பைப் பகுதியாகவோ முழுமையாகவோ அகற்றுவதும், அதற்கு வேறு எவ்வகையிலும் காயம் விளைவிப்பதும் பெண் பிறப்புறுப்புச் சிதைப்பு என்ற பெயரின் கீழ் வருகின்றன. அதில் நான்கு வகைகள் உண்டு. கிளிட்டோரிஸ் எனப்படும் பெண்குறிக் காம்பின் வெளித்தெரியும் பகுதியையோ அதை மூடியுள்ள தோல்மடிப்பையோ வெட்டுவது முதல் வகை. பிறப்புறுப்பின் உதடுகளையும் சேர்த்து அகற்றுவது இரண்டாம் வகை. யோனிவாயிலைக் குறுக்கி மூடிவிடுவது மூன்றாம் வகை. குத்துவது, கீறுவது, சுரண்டுவது, சுடுவது ஆகிய எஞ்சிய எல்லாம் நான்காம் வகை. 2024இல் யுனிசெஃப் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 23 கோடிக்கும் மேற்பட்ட பெண்களும் சிறுமிகளும் இதற்கு உள்ளாகியிருக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 8 கோடிப் பேர் ஆசியாவில் வாழ்கிறார்கள் என்பது, ஆப்பிரிக்காவின் பிரச்சினையாக மட்டும் இதைக் கேள்விப்பட்டிருந்த எனக்குச் சுருக்கென்று தைத்தது.

எங்கள் நாட்டில் நடப்பது பெரும்பாலும் நான்காம் வகை, சில இடங்களில் முதலாம் வகை. சோமாலியப் பெண்ணொருத்தி மூன்றாம் வகையால் படும் துன்பத்தையும் என்னுடையதையும் ஒரே தராசில் வைப்பது அவளுக்குச் செய்யும் அநீதியாகும். அதேவேளை, அவளுடையது பெரிதென்பதற்காக என்னுடையது ஒன்றுமேயில்லை என்று ஆகிவிடுவதுமில்லை. "எங்களது வெறும் கீறல்தானே" என்ற ஒற்றை வாக்கியம்தான் எங்கள் ஊரில் இந்த வழக்கத்தை இவ்வளவு காலம் காப்பாற்றி வந்திருக்கிறது. ஆனால் அந்தக் கீறல் எங்கே, எவ்வளவு ஆழத்தில் விழவேண்டும் என்பதற்குத் திட்டமான அளவு எதுவும் இல்லை. மில்லிமீற்றரில் அளக்க வேண்டிய ஓர் உறுப்பை, பார்வை மங்கிய ஒருவர், அசைந்து அழும் சிசுவிடம், பிளேடால் தொடுகிறார். கீறல் எங்கே நிற்கும் என்பது அந்தக் கையைப் பொறுத்த விஷயமாகிவிடுகிறது.

2017ஆம் ஆண்டின் இறுதியில், பெண்கள் சிலர் பாராளுமன்றத்தின் பெண்கள், பால்நிலை தொடர்பான மேற்பார்வைக் குழுவின் முன் தங்கள் அனுபவங்களை எடுத்துரைத்ததாகச் செய்தி வாசித்தேன். அடுத்த ஆண்டு சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கையின் வழியாக, வைத்தியத்துறையினர் இதைச் செய்யக்கூடாதென்று தடுத்தது. வீட்டில் நடப்பதைத் தடுக்கும் தனிச் சட்டம் வரவில்லை. அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு வந்த முதல் உணர்ச்சி நிம்மதி அல்ல, பயம். 2018 மார்ச்சில்தான் கண்டிக்கு அருகே திகனையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. எங்களை வெறுப்பவர்களின் கையில் இது இன்னொரு கல்லாகப் போய்ச் சேருமே என்று எண்ணி வாய்மூடியிருந்த பெண்கள் எத்தனையோ பேர், நானும் அவர்களில் ஒருத்தி. பின்னாளில் ஒன்று புரிந்தது: நாங்கள் பேசாமலிருந்தபோதும் அவர்கள் கல்லெறிந்துகொண்டுதான் இருந்தார்கள், மௌனத்தின் விலையை மட்டும் எங்கள் பிள்ளைகள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது நான் இரண்டாவது முறையாகக் கர்ப்பமாயிருந்தேன். அந்தப் பிள்ளையின் நாற்பதை நான் எப்படிக் கடந்தேன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் இப்போது பெண்கள் அதிகமாகக் கேட்பது அதைத்தான்.

ஐந்தாம் மாதத்திலேயே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மூத்தவளின் வயிற்றுக்கோளாறு பற்றிய பொய் உட்பட. அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கிட்டக் கேக்காம எண்ட புள்ளய வெட்டினியளா" என்று மட்டும் கேட்டார். அந்தக் கோபம் நியாயமானது, அதை நான் தடுக்கவில்லை. ஆண்களுக்குத் தெரியாமல் நடப்பதாலேயே இது பெண்களின் விருப்பம் என்று சொல்லப்படுகிறது. தகப்பனுக்குத் தெரிந்துவிட்டால் அந்த மறைப்புச் சுவரில் பாதி இடிந்துவிடும். அடுத்ததாக, எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் தனியாகப் பேசி, பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கு வரும்போது உம்மாவின் முன்னிலையில் இந்தப் பேச்சை அவராகவே எடுக்கும்படி கேட்டுக்கொண்டேன். அவர் தமிழ்ப் பெண், தயங்கினார், "உங்கட மார்க்க விஷயத்தில நான் எப்பிடி" என்றார். சிசுவின் காயத்துக்கும் கிருமித்தொற்றுக்கும் மார்க்கம் இல்லையே என்றேன். வந்து சொன்னார். தொப்புள்கொடியைச் சுத்தமாக வைத்திருப்பதைப் பற்றிப் பேசும் அதே தொனியில், அங்கே பிளேடு படக்கூடாதென்றும் சொல்லிவிட்டுப் போனார். உம்மா என் பேச்சைவிட அவருடைய பேச்சை அதிகம் மதித்தார் என்பதில் எனக்கு வருத்தமில்லை.

மார்க்கம் பற்றிய பேச்சைத் தவிர்க்க முடியாது. எங்கள் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹப் என்ற மார்க்கச் சட்டப் பிரிவைப் பின்பற்றுகிறவர்கள், அந்த மத்ஹபின் பழைய நூல்கள் இருபாலாருக்கும் கத்னாவை, அதாவது சுன்னத்தை, கடமையாகவே சொல்கின்றன. இதை மறைத்துவிட்டு "இஸ்லாத்தில் இப்படி ஒன்றே இல்லை" என்று எடுத்த எடுப்பில் பேசுகிறவர், கிதாபு ஓதிய மூத்தவர் ஒருவரின் முன் இரண்டாவது நிமிடத்தில் தோற்றுவிடுவார். நான் தோற்றிருக்கிறேன். பிறகு பொறுமையாகப் படித்தேன். குர்ஆனில் இதைப் பற்றி ஒரு வசனமும் கிடையாது. வழக்கமாக எடுத்துக்காட்டப்படும் உம்மு அதிய்யாவின் ஹதீஸை, அதாவது நபிமொழியை, பதிவு செய்த அபூதாவூதே அது பலவீனமானது என்று அங்கேயே குறிப்பிட்டிருக்கிறார். 2007இல் எகிப்தில் ஒரு சிறுமி இதன்போது இறந்துபோனதையடுத்து, கெய்ரோவின் அல்-அஸ்ஹர் மார்க்கக் கல்விப்பீடத்தின் ஆய்வுச் சபை இதற்கு ஷரீஅத்தின் மூலங்களில் அடிப்படை இல்லையென்றும் இது தீங்கானதென்றும் அறிவித்தது. மறு ஆண்டு அந்நாடு இதைக் குற்றமாக்கியது. எகிப்திலும் ஷாஃபிகள் வாழ்கிறார்கள் என்பதை உம்மாவிடம் சொன்னபோது அவர் சற்று யோசித்தார். மனிதனை மிக அழகிய அமைப்பில் படைத்ததாக குர்ஆனின் அத்தீன் சூரா சொல்வதை நான் ஓதிக்காட்டியபோது அவர் யோசிக்கவில்லை, அழுதார்.

முப்பத்தெட்டாம் நாள் சாச்சி ஒருவர் ஒஸ்தி மாமியை அழைத்துக்கொண்டு சொல்லாமல் வந்துவிட்டார். வாசலில் வைத்துத் திருப்பியனுப்பினால் பகை மூளும் என்று தெரிந்திருந்ததால், உள்ளே அழைத்து, தேநீர் கொடுத்து, மாமிக்கு வழக்கமாகக் கொடுக்கும் அரிசியையும் சேலையையும் காசையும் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைக்காக துஆ மட்டும் செய்துவிட்டுப் போகும்படி கேட்டேன். பிள்ளையை நான் மடியிலிருந்து இறக்கவேயில்லை. மாமி தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துஆ செய்தார், போனார். இதைக் கேட்கும் பெண்கள் சிலர், தவறு செய்பவருக்குக் காசு கொடுப்பதா என்று என்னைக் கோபித்துக்கொள்வதுண்டு. இருக்கலாம். அறுபது வயதைக் கடந்த விதவை ஒருவரின் வருமானத்தைப் பற்றி யோசிக்காமல் செய்யும் விழிப்புணர்வு எங்கள் ஊரில் எடுபடாது என்பதே என் எண்ணம்.

வைத்தியரிடம் கொண்டுபோய்ச் சுத்தமாகச் செய்தால் என்ன என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சுத்தமான கத்தி கிருமியைத் தடுக்குமே தவிர, தேவையற்ற வெட்டைத் தேவையானதாக்கிவிடாது. அந்தச் சுற்றறிக்கையின் நியாயமும் அதுதான், அதை நான் கைபேசியில் படமெடுத்து வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்குக் காட்டுகிறேன்.

மகளைக் காப்பாற்றிய பின்னரே என் உடலைப் பற்றி யோசிக்க எனக்குத் துணிவு வந்தது. எங்கள் நாட்டில் முப்பத்தைந்து வயதான பெண்களைச் சுகவனிதையர் கிளினிக்குக்கு அழைத்துக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்வார்கள். 2019இல் நான் போனேன். பரிசோதனைக் கருவியைக் கண்டதும் என் தொடைகள் தாமாகவே இறுகிப்போயின, என்னால் தளர்த்த முடியவில்லை. அங்கிருந்த வைத்தியர் கருவியைக் கீழே வைத்துவிட்டு, எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். திருமண நாளிலிருந்தே என்றேன். தாம்பத்தியம் என்பது பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றென்று நான் நம்பியிருந்தேன், பெண்கள் எல்லோருக்கும் அப்படித்தான் என்றும் நம்பியிருந்தேன். அன்றுதான் முதன்முறையாக ஒரு வைத்தியரிடம் கத்னா என்ற சொல்லைச் சொன்னேன்.

அவர் பார்த்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதைக் கேட்க நான் தயாராக இருக்கவில்லை. தோல்மடிப்பின் ஒருபுறம் சற்றுக் குறைவாகத் தெரிகிறது, அது தழும்பாகவும் இருக்கலாம், இயல்பான அமைப்பாகவும் இருக்கலாம், சிசுப் பருவத்துக் கீறல் பெரும்பாலும் தடம் தெரியாமல் ஆறிவிடும், எனவே உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். வலிக்கும் கீறலுக்கும் தொடர்பு உண்டா என்றேன். அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வலிக்குச் சிகிச்சை உண்டு என்றார். எனக்கு ஒரு தீர்ப்புத் தேவைப்பட்டது, இதுதான் காரணம் என்று யாராவது விரல் நீட்டிக் காட்ட வேண்டியிருந்தது. அது கிடைக்காமலேயே குணமடைய வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஏறத்தாழ ஒரு வருடம் பிடித்தது.

சிகிச்சை எளிமையானதுதான், ஆனால் மெதுவானது. இடுப்படித் தசைகள் அச்சத்தால் இறுகிக்கிடப்பதைத் தளர்த்தும் மூச்சுப்பயிற்சிகளை பிசியோதெரபி பிரிவில் கற்றுக்கொடுத்தார்கள். அந்த மாதங்களில் கணவரும் நானும் தாம்பத்திய உறவை முற்றாக நிறுத்திவைத்தோம், அதை அவர் குறையாகச் சொல்லாதது எனக்கு மருந்தில் பாதி. உளவள ஆலோசகர் ஒருவரிடம் பதினொரு தடவை போனேன். மூத்தவளின் காலைப் பிடித்த கையைப் பற்றிப் பேசியது அங்கேதான். அச்சம், மனச்சோர்வு, பழைய காயத்தின் அதிர்ச்சி ஆகியவற்றுக்கு எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றும் உளச்சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு வழிகாட்டலில் பரிந்துரைத்திருப்பதைப் பிறகு அறிந்தேன். போய்வர வசதியில்லாதவர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம். பிள்ளையொன்றுக்கு ஆபத்து என்று தெரிந்தால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கம் இருக்கிறது.

இன்னொன்றையும் செய்தேன், அதை எழுதக் கூச்சமாயிருந்தாலும் எழுதுகிறேன். குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, கைக்கண்ணாடியை வைத்து என்னை நானே பார்த்தேன். முப்பத்தைந்து வயதில், இரண்டு பிள்ளை பெற்ற பின், வகுப்பில் இனப்பெருக்கத் தொகுதியின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து பெயர் குறிக்கத் தெரிந்தவள், முதன்முறையாகப் பார்த்தேன். நான் வரையும் படத்தில் கருப்பையும் சூலகமும் இருக்கும், வெளியே இருப்பது எதுவும் இராது. எங்கள் வீட்டுப் பேச்சில் அந்த இடத்துக்கு ஒரு பெயரே கிடையாது, பெயரில்லாத இடத்தில் நடந்ததைப் பற்றி எப்படிப் பேசுவது? கிளிட்டோரிஸின் வெளித்தெரியும் முனை மிகச் சிறிய பகுதிதான், அதன் பெரும்பகுதி உடலுக்குள்ளே இருபுறமும் விரிந்து கிடக்கிறது என்பதை அவுஸ்திரேலிய அறுவைச் சிகிச்சை நிபுணர் ஹெலன் ஓகானல் 1998இல் விளக்கிக் காட்டியதை வாசித்தபோது, பிளேடு எட்டாத இடத்தில் நான் பெரும்பாலும் முழுமையாகவே இருக்கிறேன் என்று தோன்றியது. அந்த இரவு நன்றாகத் தூங்கினேன்.

உம்மாவிடம் பேசியது எல்லாவற்றையும்விடக் கடினம். முதலில் கைபேசியில் இருந்த ஒரு கட்டுரையைக் காட்டி, "சிதைப்பு" என்ற சொல்லைச் சொல்லிவிட்டேன். "நான் உன்னச் சிதச்சனா?" என்று கேட்டுவிட்டு அவர் இரண்டு வாரம் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. ஆவணங்களிலும் சட்டத்திலும் அந்தச் சொல் இருக்கத்தான் வேண்டும், மெல்லிய சொற்களால் அதை மூடிவிடக்கூடாது. ஆனால் பெற்ற தாயிடம் அதைக் கொண்டுபோய் வைத்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அடுத்த முறை கட்டுரையை வைத்துவிட்டு, உங்களுக்கு எப்போது செய்தார்கள், யார் பிடித்துக்கொண்டார்கள் என்று கேட்டேன். அவருக்கு அது சிசுப் பருவத்தில் நடக்கவில்லை. ஏழு வயதில், ஏதோ காரணத்தால் தவறிப்போனதை நினைவில் வைத்து, மாமி வீட்டில் வைத்துச் செய்திருக்கிறார்கள். அவருக்கு எல்லாம் நினைவிருந்தது, பாயின் நிறம் உட்பட. அறுபது வருடத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. என் பிள்ளைகளுக்கு நினைவு வருமுன் செய்துவிட வேண்டும் என்று அவர் அவசரப்பட்டது இரக்கத்தால் என்பதை அன்று புரிந்துகொண்டேன்.

மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது சொன்னேன். பூப்பெய்துவதைப் பற்றி உடலின் படத்தை வைத்துப் பேசிக்கொண்டிருந்த வேளையில், நீ சிசுவாயிருந்தபோது இந்த இடத்தில் ஒரு சிறு கீறல் போட்டார்கள், நான் தடுக்கவில்லை, தடுத்திருக்க வேண்டும், அது உன் தவறல்ல, வலியோ சந்தேகமோ வந்தால் என்னிடமே கேள் என்றேன். நியாயப்படுத்தவும் இல்லை, அழவும் இல்லை, அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும் என்று ஆலோசகர் எச்சரித்திருந்தார். அவள் கேட்டது ஒன்றுதான்: "தங்கச்சிக்கும் செஞ்சீங்களா?" இல்லையென்றேன். "அப்ப சரி" என்றாள். சில நாள் என்னிடம் சிடுசிடுத்தாள், அதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது.

இப்போது நான் மேடையில் பேசுவதில்லை, பேசச் சொன்னாலும் போவதில்லை. கர்ப்பிணிகள் இருக்கும் வீடுகளுக்கு, பிள்ளை பார்க்கப் போகிறவளாக, அவர்களின் உம்மாவும் மூத்தம்மாவும் அமர்ந்திருக்கும் நேரத்தில் போகிறேன். இளந்தாயைத் தனியே அழைத்துப் பேசுவதால் பயனில்லை, முடிவு அவள் கையில் இருப்பதில்லை. சில வீடுகளில் தேநீர் கிடைக்கும், சில வீடுகளில் பேச்சு மாறிவிடும். இரண்டு வீடுகளில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கடந்த நோன்புக்கு முன் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் வந்து, பேத்திக்கு நாற்பது நெருங்குகிறது, ஒஸ்தி மாமியின் இலக்கம் இருக்கிறதா என்று உம்மாவிடம் கேட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். உம்மா இதுவரை என்னிடம் நீ சொன்னது சரி என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே அவர், "அவக்கு இப்ப கண்ணும் தெரியா, கையும் நடுங்குது, புள்ளயக் குடுக்க ஏலாது" என்றார். மாமிக்குப் போன வருடம்தான் கண்ணில் சத்திரசிகிச்சை செய்து, பார்வை நன்றாகவே தெரிகிறது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். வந்தவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் உம்மாவை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, வெற்றிலையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.